பழைய எஞ்சினுக்கு எந்தப் புஷ்ராடு?

தூத்துக்குடியில் உப்பளக்காரர்களின் வீட்டுப் பின்புறங்களிலும் பழைய ஏஜென்சி ஆபீஸ்களின் கொட்டகைகளிலும் இன்னும் சில அம்பாசடர்களும் பிரீமியர் பத்மினிகளும், அரிதாக ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டும் நிற்கின்றன. இந்தக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்த 1961-இல்தான் ஹெரால்டு நம் சந்தைக்கு வந்தது. 1974 ஜூலையில் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டபோது, அதிகாரிகளையும் வியாபாரிகளையும் சுமந்து திரிந்தவை பெரும்பாலும் அம்பாசடர்கள். அந்த வண்டிகளை மறுபடியும் ஓடவைக்க வேண்டும் என்ற ஆசை இப்போது பேரப்பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. நல்ல ஆசை.

எஞ்சினைப் பிரித்ததும் பிஸ்டன், ரிங், பேரிங், வால்வு என்று ஒவ்வொன்றுக்கும் அளவு பார்க்கிறார்கள். புஷ்ராடு வரும்போது மட்டும் இரண்டில் ஒன்று நடக்கிறது. எண்ணெய்த் துணியால் துடைத்து, எது எங்கே இருந்தது என்று பாராமல் திரும்பச் செருகிவிடுகிறார்கள். அல்லது அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, உயர்ரக உருக்குக் குழாயில் செய்த விலையுயர்ந்த புஷ்ராடு வேண்டும் என்று தேடுகிறார்கள். முதலாவது அலட்சியம், இரண்டாவது இடம் மாறிய அக்கறை. நம் ஊர் எஞ்சின்களுக்குப் புஷ்ராடு தேர்வு என்பது ஹெட், கேம், வால்வு வேலைகள் எல்லாம் முடிந்தபின், அளந்து பார்த்து, கடைசியாகச் செய்யவேண்டியது. அப்படி அளந்தால், கழற்றி வைத்த பழைய புஷ்ராடுகளே பெரும்பாலும் தேறிவிடும் என்பது என் முடிவு. ஏன் என்று சொல்கிறேன்.

இந்த வகை எஞ்சினில் கேம்ஷாஃப்ட் கீழே பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கிறது. வால்வுகளோ மேலே ஹெட்டில். கேமின் மேடு டேப்பட்டைத் தூக்க, டேப்பட்டின்மேல் நிற்கும் புஷ்ராடு அந்த ஏற்றத்தை மேலே கொண்டுபோய் ராக்கரின் ஒரு முனையைத் தள்ள, ராக்கரின் மறுமுனை வால்வை அமுக்கித் திறக்கிறது. எஞ்சின் நிமிஷத்துக்கு 4,200 சுற்று ஓடும்போது ஒவ்வொரு புஷ்ராடும் விநாடிக்கு 35 முறை ஏறி இறங்குகிறது. வால்வு ஸ்பிரிங்கின் முழு அழுத்தத்தையும் ராக்கரின் நெம்புகோல் விகிதத்தால் பெருக்கித் தாங்குகிறது. பேனாவைவிடச் சற்றே பருமனான ஒரு கம்பிக்கு இது சின்ன வேலை இல்லை.

எல்லாப் பழைய வண்டிக்கும் புஷ்ராடு உண்டு என்று நினைத்துவிடக் கூடாது. முதலில் வந்த அம்பாசடர்களில் இருந்தது 1476 சிசி பக்க வால்வு எஞ்சின். அதில் வால்வே பிளாக்கில்தான், புஷ்ராடுக்கு வேலையில்லை. 1959-இல் அதன் இடத்துக்கு வந்த 1489 சிசி பிஎம்சி பி-சீரிஸ்தான் நம் நாட்டில் மிக அதிகமாக உருண்ட புஷ்ராடு எஞ்சின்களில் ஒன்று. பின்னால் வந்த அம்பாசடர் டீசலும் அதே குடும்பம். 1990-களின் இசுசு 1800 எஞ்சினில் கேம் மேலேயே போய்விட்டதால் அங்கும் புஷ்ராடு இல்லை. ஃபியட் 1100 முதல் பத்மினி வரை ஓடிய 1089 சிசி எஞ்சினிலும், ஹெரால்டின் 948 சிசி எஞ்சினிலும் சிலிண்டருக்கு இரண்டாக எட்டு. மஹிந்திரா ஜீப்பில் இருந்த ஹரிக்கேன் எஞ்சின் ஒரு விசித்திரம்: உள்ளிழுக்கும் வால்வு மேலே, புகை வெளியேறும் வால்வு பிளாக்கில், ஆகவே புஷ்ராடு நான்குதான். திருவொற்றியூரில் பிறந்த புல்லட்டையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்; அதைப் பற்றிப் பின்னால் ஒரு வார்த்தை உண்டு.

நீளம்தான் எல்லோரும் முதலில் கேட்பது. அதிகமாகக் குழம்புவதும் அங்கேதான். எஞ்சினைத் திரும்பக் கட்டும்போது கேமுக்கும் ராக்கருக்கும் இடையிலுள்ள தூரம் பல இடங்களில் மாறுகிறது. சூடேறி வளைந்த ஹெட்டை லேத் பட்டறையில் சீவினால் ஹெட் கீழே இறங்குகிறது. பழைய புஷ்ராடு அந்த அளவுக்கு நீளமாகிவிடுகிறது. வால்வு சீட்டை வெட்டி ஆழப்படுத்தினால் வால்வின் தண்டு மேலே எழும்புகிறது. ராக்கரின் வால்வு முனை உயர்ந்து புஷ்ராடு முனை தாழ்கிறது. இங்கும் புஷ்ராடு நீளம்போல ஆகிறது. கேம்ஷாஃப்டைக் கிரைண்ட் செய்தால் அதன் அடிவட்டம் சிறுக்கும். டேப்பட் தாழ்ந்து உட்காரும். இப்போது புஷ்ராடு குட்டை. முன்பிருந்ததைவிடத் தடித்த ஹெட் கேஸ்கெட் போட்டாலும் குட்டைதான்.

கணக்காகவே பார்க்கலாம். ஹெட்டில் 0.50 மிமீ சீவியிருக்கிறார்கள். வால்வு தண்டு 0.28 மிமீ எழும்பியிருக்கிறது. ராக்கர் விகிதம் 1.4 என்று வைத்துக்கொண்டால் அது புஷ்ராடு பக்கம் 0.20 மிமீ. கேமின் அடிவட்ட ஆரம் 0.40 மிமீ குறைந்திருக்கிறது. முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் மிஞ்சுவது 0.30 மிமீ, அவ்வளவுதான் புஷ்ராடு அதிக நீளம். ராக்கரில் உள்ள அட்ஜஸ்டர் ஸ்க்ரூ சுலபமாக இதை ஏற்றுக்கொள்ளும். ஹெட்டைச் சீவிய அளவை மட்டும் வைத்து அரை மிமீ குட்டையான புஷ்ராடு வாங்கியிருந்தால் வீண் செலவு. எல்லா வேலையும் முடிந்தபின் அளக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இன்னொரு விஷயத்தை நம் மெக்கானிக்குகளில் பலர் அனுபவத்தால் அறிந்திருக்கிறார்கள். ஆனால் காணொளி பார்த்து வருபவர்களுக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை. அமெரிக்க செவர்லே வி8 எஞ்சினில் ஒவ்வொரு ராக்கரும் தனித்தனி ஸ்டட்டில் உட்கார்ந்து, நடுவிலுள்ள நட்டால் ஏற்றி இறக்கப்படுகிறது. அங்கே புஷ்ராடின் நீளம் மாறினால் ராக்கர் உட்காரும் உயரமே மாறும். ராக்கர் மூக்கு வால்வின் தலையில் படும் இடமும் நகரும். ஆகவே அவர்கள் நீட்டிக் குறுக்கும் சோதனைப் புஷ்ராடு ஒன்றை வைத்து, வால்வின் தலையில் மை பூசி, தேய்ந்த தடம் நடுவில் விழுகிறதா என்று பார்த்து நீளத்தைத் தீர்மானிக்கிறார்கள். அவர்களுக்கு அது மிகச் சரி. அம்பாசடரிலோ பத்மினியிலோ ஹெரால்டிலோ ராக்கர்கள் எல்லாம் ஒரே ஷாஃப்டில் கோர்க்கப்பட்டவை. அந்த ஷாஃப்டைத் தாங்கும் பெடஸ்டல்கள் ஹெட்டில் இறுக்கப்பட்டவை. ராக்கர் வால்வின்மேல் எந்தக் கோணத்தில் படுகிறது என்பதைத் தீர்மானிப்பது பெடஸ்டலின் உயரமும் வால்வு தண்டின் உயரமும் மட்டுமே. புஷ்ராடு எவ்வளவு நீளமானாலும் அந்தக் கோணம் மாறாது. அட்ஜஸ்டர் ஸ்க்ரூ எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறது என்பதுதான் மாறும்.

ஆகவே நம் எஞ்சினில் வால்வு தலையின் தடம் ஓரமாக விழுந்தால், புஷ்ராடை மாற்றிப் பயனில்லை. வால்வு எழும்பிய அளவுக்குப் பெடஸ்டலின் அடியில் ஷிம் வைக்கவேண்டும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 0.28 மிமீ ஷிம் வைத்தால் ராக்கரின் கோணம் பழைய நிலைக்கு வந்துவிடும். கூடவே புஷ்ராடின் கணக்கும் திரும்பும்: 0.30 மிமீ நீளமாக இருந்தது இப்போது 0.18 மிமீ குட்டை. இதுவும் ஸ்க்ரூவின் எல்லைக்குள்தான். ஷாஃப்டுக்கு எண்ணெய் ஏறும் பெடஸ்டல் எது என்று பார்த்து, அதன் அடியில் வைக்கும் ஷிம்மில் மறக்காமல் துளை போடுங்கள்; துளையில்லாத ஷிம் ஒன்று போதும், ராக்கர் ஷாஃப்ட் முழுதும் வறண்டுவிடும்.

அப்படியானால் நீளம் எப்போதுதான் முக்கியம்? ஸ்க்ரூ தன் எல்லையைத் தொடும்போது. புஷ்ராடு மிக நீளமானால் ஸ்க்ரூவை மேலே இழுத்துக்கொண்டே போகவேண்டும். கடைசியில் புஷ்ராடின் குழிந்த தலை ராக்கரின் அடிப்பகுதியில் உரசும். மிகக் குட்டையானால் ஸ்க்ரூ கீழே நீட்டிக்கொண்டு நிற்கும்; பக்கவாட்டு விசையில் அதன் மரை தேயும். ராக்கரின் உள்ளே ஓடும் துளை வழியாக ஸ்க்ரூவின் பந்துக்கு எண்ணெய் வரும் அமைப்புகளில், ஸ்க்ரூ அதிகம் ஏறினாலும் இறங்கினாலும் அந்த வழி அடைபடலாம். எட்டு ஸ்க்ரூக்களும் லாக் நட்டுக்கு மேலே ஏறத்தாழ ஒரே உயரத்தில் தெரிகின்றனவா என்று நேராகப் பாருங்கள். ஒன்று மட்டும் தனியாக உயர்ந்தோ தாழ்ந்தோ நின்றால் அந்தப் புஷ்ராடையோ அதன் டேப்பட்டையோ அந்த வால்வையோ சந்தேகிக்கவேண்டும்.

பி-சீரிஸ் குடும்பத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. பக்கெட் போன்ற டேப்பட்டின் ஆழத்தில் புஷ்ராடு உட்காரும் எஞ்சின் இது. இங்கிலாந்தில் எம்ஜிபி காரில் ஓடிய பிற்கால 1800 சிசி வடிவத்தில் டேப்பட்டைக் குட்டையாக்கி, புஷ்ராடை நீளமாக்கிவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து பி-சீரிஸ் புஷ்ராடு என்று வரவழைப்பவர் எந்தக் காலத்து டேப்பட்டுக்கு உரியது என்று கேட்காமல் வாங்கினால் பொருந்தாது. டேப்பட்டையும் புஷ்ராடையும் ஜோடியாக மாற்றலாம். ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. அளவு கேட்கும்போதும் எச்சரிக்கை வேண்டும்: ஒருவர் குழிந்த தலையின் விளிம்பிலிருந்து அளப்பார், இன்னொருவர் குழியின் அடியிலிருந்து அளப்பார். ஒரே புஷ்ராடுக்கு இரண்டு நீளம் வரும். குழியில் ஒரு எஃகுக் குண்டை வைத்து அதன்மேல் அளந்து, குண்டின் விட்டத்தைக் கழித்துவிட்டால் சண்டை இல்லை.

நீளத்தைவிட நம் கடற்கரையில் பெரிய பிரச்சினை வளைவு. எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு சிலிண்டரில் ஒரு வால்வு திறந்திருக்கும். கார்பரேட்டர் வழியாகவோ சைலன்சர் வழியாகவோ உப்புக் காற்று அங்கே நுழைகிறது. உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் ஊரில், ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில், வருஷக்கணக்கில் இது நடந்தால் வால்வின் தண்டு கைடுக்குள் துருப்பிடித்து இறுகிவிடும். பழைய பெட்ரோலின் பிசினும் சேர்ந்துகொள்ளும். ஒருநாள் புதுப் பேட்டரி வைத்து ஸெல்ஃபை அழுத்துகிறார்கள். கேம் எப்படியும் சுற்றும்; டேப்பட் எப்படியும் ஏறும்; வால்வு அசையாது. நடுவில் இருக்கும் புஷ்ராடு வளையும். ஓடாமல் நின்ற வண்டியில் புஷ்ராடு வளைவது பெரும்பாலும் இப்படித்தான், ஓடியதால் அல்ல.

விலையுயர்ந்த, விறைப்பான புஷ்ராடு இங்கே உதவாது. அது வளைய மறுத்தால் விசை ராக்கரையோ, கேமையோ, டேப்பட்டின் முகத்தையோ தேடிப் போகும். அவற்றைவிட ஒரு புஷ்ராடு போவது மேல். செய்யவேண்டியது வேறு. ராக்கர் மூடியைக் கழற்றி, வால்வு தண்டுகளில் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு ஒவ்வொரு வால்வையும் மரச்சுத்தியால் மெல்லத் தட்டி, இறங்கி எழுகிறதா என்று பாருங்கள். அதன்பின் கையால் எஞ்சினைச் சுற்றலாம். ஸெல்ஃபுக்கு அப்புறம்தான் வேலை.

வளைவைப் பார்ப்பது எளிது. கனமான சமதளக் கண்ணாடியில் உருட்டினால் வளைந்த கம்பி தள்ளாடும். அடியில் ஃபீலர் கேஜ் நுழையும். வி-பிளாக்கில் வைத்து நடுவில் டயல் கேஜ் பொருத்திச் சுற்றினால் எண்ணாகவே தெரியும். 0.1 மிமீக்கு மேல் முள் ஆடினால் நான் ஒதுக்கிவிடச் சொல்வேன். கம்பி தாங்கும் சுமை அதன் நீளத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாகவும் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு நேராகவும் போகிறது. அது நேரான கம்பிக்கான கணக்கு. ஏற்கெனவே வளைந்த கம்பிக்கு அந்தப் பலமும் இல்லை. வளைந்ததைச் சுத்தியால் நிமிர்த்துவது நடுவழியில் நின்றவர் வீடு சேர்வதற்கு மட்டும். கேஸ் விளக்கில் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்துவது அதற்கும் ஆகாது. முனைகளுக்குக் கொடுத்த கடினம் போய்விடும், சில நூறு கிலோமீட்டரில் பந்து தட்டையாகும்.

முனைகள்தான் புஷ்ராடின் உயிர். கீழே பந்து, மேலே குழி. அல்லது எஞ்சினைப் பொறுத்து இரண்டு பக்கமும் பந்து. பந்தின் ஆரமும் அது உட்காரும் குழியின் ஆரமும் ஏறத்தாழ ஒத்திருக்கவேண்டும். பழைய புஷ்ராடு பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடித் தன் டேப்பட்டோடும் தன் ஸ்க்ரூவோடும் தேய்ந்து படிந்திருக்கிறது. அதை எடுத்து வேறு இடத்தில் வைத்தால், முழுப் பரப்பில் பரவிய சுமை ஒரு சின்னப் புள்ளியில் விழும். ஆகவே பிரிக்கும்போதே ஒரு அட்டையில் எட்டுத் துளை போட்டு, முன்பக்கத்திலிருந்து எண் எழுதி, ஒவ்வொன்றையும் அதனதன் துளையில், எந்த முனை மேலே என்பது மாறாமல் செருகி வையுங்கள். டேப்பட்டுக்கும் அதே ஒழுங்கு. புதுப் புஷ்ராடு போட்டால் அட்ஜஸ்டர் ஸ்க்ரூவையும் புதிதாகப் போடுவதுதான் முறை. மெல்லிய நீல மை தடவி ஒருமுறை சுழற்றிப் பார்த்தால் எங்கே தொடுகிறது என்று தெரியும்.

கடினத்துக்கு ஒரு நல்ல அரமே போதும். முனையின் ஓரத்தில், வேலை செய்யாத இடத்தில், லேசாக இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் சரி, கடித்தால் அந்தப் புஷ்ராடு வேண்டாம். பெயரில்லாத புதுச் சரக்கில் இந்தக் குறை அடிக்கடி வரும். பார்க்கப் பளபளப்பாக இருக்கும். முனை மட்டும் மென்மை. துரு விஷயத்தில் நடுத் தண்டையும் முனையையும் வேறுவேறாகப் பார்க்கவேண்டும். தண்டின் மேல்துருவை மெல்லிய எமரித் தாளால் நீளவாக்கில் தேய்த்து எடுத்துவிடலாம். ஆழமான குழி விழுந்திருந்தால் அங்கிருந்து விரிசல் தொடங்கும், ஒதுக்கவேண்டும். முனையிலோ ஊசிமுனை அளவு உப்புக்குழி இருந்தாலும் விடக்கூடாது.

குழாயா, கெட்டிக் கம்பியா என்ற கேள்விக்கு எஞ்சினின் எண்ணெய் வழிதான் பதில். செவர்லே போன்றவற்றில் ராக்கருக்குப் போகும் எண்ணெய் புஷ்ராடின் நடுத்துளை வழியாகத்தான் ஏறுகிறது. அங்கே கெட்டிக் கம்பி போட்டால் ராக்கர் எரிந்துபோகும். பி-சீரிஸில் எண்ணெய் பெடஸ்டல் வழியாக ஏறுவதால் கெட்டிக் கம்பியே போதும். எடையைக் குறைக்கவேண்டும் என்று சிலர் குழாய் தேடுகிறார்கள். ராக்கரின் நெம்புகோல் காரணமாகப் புஷ்ராடு பக்கம் குறையும் ஒரு கிராம், வால்வு பக்கம் குறையும் ஒரு கிராமுக்கு ஈடாகாது. பந்தயத்துக்காக 6,000 சுற்றுக்கு மேல் ஓட்டுபவர்கள் எடையைவிட விறைப்பைத்தான் பார்க்கிறார்கள். திருச்செந்தூர் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் அம்பாசடருக்கு இரண்டும் தேவையில்லை.

உலோகத்தின் விரிவைப் பற்றி நிறையப் பயமுறுத்துகிறார்கள்; கணக்குப் போட்டால் பயம் அடங்கும். ஒரு பாகை சூட்டுக்கு, மீட்டர் நீளத்தில், வார்ப்பிரும்பு சுமார் 11 மைக்ரானும், எஃகு 12 மைக்ரானும், அலுமினியம் 23 மைக்ரானும் விரியும். முழுதும் வார்ப்பிரும்பான அம்பாசடர் எஞ்சினில் எஃகுப் புஷ்ராடு ஏறத்தாழ எஞ்சினோடு சேர்ந்தே வளர்கிறது. 80 பாகை ஏறினாலும் 200 மிமீ நீளத்தில் வித்தியாசம் 0.016 மிமீ. பத்மினியின் ஹெட் அலுமினியம். அங்கே 100 மிமீ உயர அலுமினியம் அதே சூட்டில் எஃகைவிட 0.09 மிமீ அளவு அதிகம் வளரும். அந்த அளவுக்கு இடைவெளி கூடும். சூட்டில் வால்வு தண்டு நீள்வது அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். டேப்பட் இடைவெளியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வைக்கவேண்டுமா, சூடாகவா என்று கையேடு சொல்வதை அப்படியே பின்பற்றச் சொல்வது இதற்காக. பழைய வார்ப்பிரும்பு புல்லட்டில் ஹெட்டின் அலுமினியத்தோடு ஒத்துப்போக அலுமினியத் தண்டும் எஃகு முனைகளும் கொண்ட புஷ்ராடு வைத்தார்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கையில், மேலும் கீழும் ஆடாமல், விரலால் தடையின்றிச் சுழலும்படி இடைவெளியே இல்லாமல் வைப்பது அந்த வண்டியின் முறை. புல்லட் பழகிய கை அதே பாணியில் அம்பாசடரை முறுக்கினால் வால்வு எரியும்.

பழசைத் தொடர்ந்து ஓட்டுவது எப்படி என்று பார்க்க யாழ்ப்பாணத்தைப் பார்க்கவேண்டும். ஆஸ்டின் ஏ40 கார்களை அங்கே தலைமுறைகளாக ஓட்டினார்கள். 1990-களில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காதபோது, துளி பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அதுவும் புஷ்ராடு எஞ்சின்தான். எரியாத மண்ணெண்ணெய் சம்ப்பில் இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்யும், வால்வு தண்டில் கசடு கட்டும். புஷ்ராடுக்கும் டேப்பட்டுக்கும் இதைவிடக் கொடுமை இல்லை. உதிரிபாகம் கப்பலேறி வராத ஊரில் அவற்றை ஓடவைத்த கைகளுக்கு என் மரியாதை.

நம் பக்கத்தில் புதிது வேண்டுமென்றால் பலர் சென்னை ஜி.பி. ரோடுக்கும் புதுப்பேட்டைக்கும் போகிறார்கள். அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றதால் கம்பெனிச் சரக்கு குறைந்துகொண்டே வருகிறது. கழற்றிய நல்ல எஞ்சினிலிருந்து எடுத்த, டேப்பட்டோடு சேர்ந்த ஒரு முழு செட் கிடைத்தால், பெயரில்லாத புதுசைவிட அதைத்தான் நான் எடுப்பேன்; கண்ணாடியும் அரமும் கையோடு கொண்டுபோகவேண்டும். ஹெரால்டுக்கு இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஆர்வலர்கள் வழியாகப் பாகம் வருகிறது. ஆனால் அந்தக் குடும்பத்து எஞ்சின் 803 சிசியில் தொடங்கி 1493 சிசி வரை வளர்ந்தது. வாங்குமுன் தன் எஞ்சினின் எண்ணையும் பழைய புஷ்ராடின் அளவையும் எழுதி அனுப்புவது நல்லது. உள்ளூர் லேத் பட்டறையில் செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். தூத்துக்குடியில் விசைப்படகு எஞ்சின்களோடு பழகிய கைகளுக்கு உருக்கைக் கடைவது புதிதல்ல. முனை தனியாக அழுத்திச் செருகப்பட்ட குழாய்ப் புஷ்ராடை நீளம் குறைக்க அவர்களால் சுத்தமாக முடியும். ஒரே துண்டாக அடித்த கெட்டிக் கம்பியை வெட்டி வெல்டு வைப்பது மட்டும் வேண்டாம். வெல்டின் சூட்டில் முனை மென்மையாகும், தண்டும் அச்சு விலகும்.

பொருத்தும் நாளில் முனைகளுக்குக் கெட்டி அசெம்பிளி எண்ணெய் தடவி, டேப்பட்டின் குழியில் புஷ்ராடு உட்கார்ந்துவிட்டதைக் கையால் உணர்ந்தபின்தான் ராக்கர் ஷாஃப்டை இறக்கவேண்டும். பெடஸ்டல் நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, மாறி மாறி இறுக்கவேண்டும். ஒரே பக்கம் இறுக்கினால் அங்கேயே ஒரு புஷ்ராடு வளையக்கூடும். ராக்கர் மூக்கில் பள்ளம் விழுந்திருந்தால் ஃபீலர் கேஜ் பள்ளத்தின் மேலே பாலம் போட்டு நின்று பொய் சொல்லும். அதைச் சரிசெய்யாமல் இடைவெளி வைப்பதில் அர்த்தமில்லை. புதுக் கேமும் டேப்பட்டும் போட்டிருந்தால், கிளப்பியதும் ஐட்லிங்கில் விடாமல் 1,500 முதல் 2,000 சுற்றில் இருபது நிமிஷம் ஓட்டுங்கள். கேமுக்குத் தெறித்து வரும் எண்ணெய் அப்போதுதான் போதுமான அளவில் இருக்கும். பிறகு மூடியைத் திறந்து, மெதுவாக ஓடும் எஞ்சினில் புஷ்ராடுகளைப் பாருங்கள். டேப்பட் கேமின் நடுவிலிருந்து சற்றே விலகி அமைக்கப்பட்டிருப்பதால் அது சுழலும். கூடவே புஷ்ராடும் மெல்லச் சுழலவேண்டும். சுழலாமல் நிற்கும் புஷ்ராடு எதுவென்று குறித்துக்கொண்டு, எஞ்சினை நிறுத்தி, அந்த டேப்பட்டின் அடிமுகத்தை எடுத்துப் பாருங்கள். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஹெட் போல்ட்டுகளைக் கையேட்டின்படி மறுபடி இறுக்கி, அதனால் ஹெட் இறங்கும் சிறு அளவுக்கு எட்டு இடைவெளிகளையும் திரும்ப வைக்கவேண்டும்.